கடைசி ஆளு ஏறுற வரைக்கும் விசில் இல்ல: ஒரு செல் ரெண்டாகுற கதை

பிளஸ் டூ பயாலஜி படிச்சவங்கள்ல வெங்காய வேர் நுனி ஸ்லைடு பாக்காத ஆளே இருக்க முடியாது. டம்ளர் தண்ணி மேல வெங்காயத்த உக்கார வச்சு, ரெண்டு மூணு நாள்ல வெள்ளை வெள்ளையா வேர் விட்டதும் நுனிய மட்டும் நறுக்கி, ஆசிட்ல கொஞ்சம் ஊற வச்சு, அசிட்டோகார்மைன் விட்டு லேசா சூடு காட்டி, கவர்ஸ்லிப் போட்டு கட்டை விரலால ஒரு அமுக்கு. ரெக்கார்டு நோட்டுல ஏற்கனவே செல் பிரியுற நாலு கட்டத்துக்கு நாலு வட்டம் போட்டு நாலுலயும் குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டு கிடக்கிற குச்சிங்கள, அழகா வரைஞ்சு வச்சிருப்போம். மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சா அந்த நாலுல ஒண்ணு கூட கண்ணுல படாது. செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா செல்லு, ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு சிவப்பு பொட்டு, அவ்ளோதான். என் ஃப்ரெண்டு ஒருத்தன் அரை மணி நேரம் தேடிட்டு "டேய் இந்த வெங்காயம் பிரியவே மாட்டேங்குதுடா"ன்னு எந்திரிச்சு போயிட்டான்.

அவன் மேல தப்பில்ல. கல்யாண மண்டபத்துக்குள்ள கண்ண மூடிட்டு எந்த நேரத்துல போட்டோ எடுத்தாலும் பந்தி சாப்பிடுறதோ சேர்ல உக்காந்து பேசிட்டு இருக்கறதோ தான் விழும், தாலி கட்டுற போட்டோ விழணும்னா ரொம்ப அதிர்ஷ்டம் வேணும். செல்லும் அப்டித்தான். லேப்ல வளக்குற மனுஷ செல்லுக்கு ஒரு சுத்து முடிய சுமாரா 24 மணி நேரம் ஆகுதுன்னா, அதுல நம்ம மனப்பாடம் பண்ண அந்த நாலு படமும் சேந்து ஒரு மணி நேரத்த ஒட்டித்தான் வரும். மீதி 23 மணி நேரமும் இன்டர்ஃபேஸ், ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவுல இருக்கிற காலம். பழைய புக்ல அதுக்கு ஓய்வு நிலைன்னு வேற பேர் வச்சிருந்தாங்க, ஓய்வெல்லாம் கிடையாது, மொத்த வேலையும் அங்கதான் நடக்குது.

எனக்கு ரொம்ப நாளா இருந்த குறை என்னன்னா, ப்ரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ்னு வரிசை சொல்லிக் குடுத்தாங்க, மெட்டாஃபேஸ்ல குரோமோசோம் எல்லாம் நடுவுல வந்து வரிசையா நிக்கும்னு சொன்னாங்க, ஏன் நிக்குது, எதுக்காக நிக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல. எக்ஸாம்லயும் கேக்கல. அது ஒண்ணு புரிஞ்சிருந்தா மத்த மூணும் தானா மண்டையில நின்னிருக்கும், அதனால இங்க அதச் சுத்தியே எழுதுறேன்.

முதல்ல பேரப் பாத்துருவோம். ஜெர்மனியில கீல் ஊர்ல வால்டர் ஃப்ளெமிங்னு ஒரு அனாட்டமி பேராசிரியர் இருந்தார். அப்போ துணிக்கு சாயம் போட புதுசா வந்த அனிலின் சாயங்கள செல்லு மேலயும் போட்டு பாத்துட்டு இருந்த காலம். இவர் எடுத்தது சாலமாண்டர் குஞ்சுங்க, பல்லி மாதிரி இருக்குமே, ஆனா தவளைக்கு சொந்தம், அது. அதோட குரோமோசோம் நல்லா பெருசு, அதனால கண்ணுக்கு சிக்குச்சு. செல்லுக்குள்ள நூல் நூலா ஏதோ தெரியுது, அது தடிக்குது, நீளவாக்குல ரெண்டா பொளக்குது, ஆளுக்கொரு பக்கமா போகுதுன்னு வரிசைப்படுத்தி 1882ல பெரிய புக்கா போட்டார். கிரேக்கத்துல மிட்டோஸ்னா நூல், செல் இப்டி பிரியுறதுக்கு மைட்டாசிஸ்னு பேர் வந்தது அதுல இருந்து தான். இலங்கை பாடப் புத்தகத்துல இதுக்கு இழையுருப்பிரிவுன்னு பேர், ஃப்ளெமிங் மனசுல இருந்தது அப்படியே அந்த தமிழ் வார்த்தையில உக்காந்திருக்கு, நம்ம ஊரு புக்குல இருக்கிற மறைமுகப் பகுப்ப விட இது எவ்வளவோ மேல்னு எனக்குத் தோணும். குரோமோசோம்ங்கிற பேரே 1888ல தான் வந்தது, வால்டெயர்னு இன்னொருத்தர் வச்சது. மெண்டல் பட்டாணிக் கணக்கு 1866லயே அச்சாகி தூங்கிட்டு இருக்கு, யாரும் கண்டுக்கல. அந்த நூல்ல தான் அப்பன் ஆத்தா ஜாடையெல்லாம் இருக்குன்னு தெரியாமலே ஃப்ளெமிங் இத்தனையும் வரைஞ்சு வச்சிட்டு போயிட்டார்.

சரி, அந்த 23 மணி நேரத்துல என்ன நடக்குதுன்னா, செல் வளருது, நடுவுல ஒரு எட்டு மணி நேரம் போல எடுத்து தன் டிஎன்ஏ முழுசையும் ஒரு காப்பி எடுக்குது. மனுஷனோட ஒரு செல்லுல இருக்கிற டிஎன்ஏவ நீட்டி புடிச்சா ரெண்டு மீட்டர், காப்பி எடுத்தப்புறம் நாலு மீட்டர். இதெல்லாம் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட வராத நியூக்ளியஸ்குள்ள. இதுல முக்கியமான விஷயம், ஒரிஜினலும் காப்பியும் தனித்தனியா விலகிப் போறதில்ல. காப்பி எடுக்கும்போதே கொஹீசின்னு ஒரு புரோட்டீன் வளையம் மாதிரி ரெண்டையும் சேத்து மாட்டிருது. இந்த ஜோடிய சகோதரி குரோமாட்டிட்னு சொல்றோம். கைவிலங்கு போட்ட ரெண்டு பேர் மாதிரி. இந்த விலங்கு இல்லன்னா எது எதோட காப்பின்னு அப்புறம் செல்லால கண்டுபிடிக்கவே முடியாது, 46 ஜோடி செருப்ப கோயில் வாசல்ல கலைச்சு விட்ட மாதிரி ஆயிரும்.

அடுத்தது ப்ரோஃபேஸ், சுருட்டுற வேலை. நம்மளோட ஒண்ணாம் நம்பர் குரோமோசோம் டிஎன்ஏவ மட்டும் நீட்டுனா எட்டு சென்டிமீட்டருக்கு மேல வரும், அத மைக்ரான் கணக்குல, பத்து மைக்ரான் போல ஒரு குட்டி குச்சியா சுருட்டுது, கண்டென்சின்னு ஒரு புரோட்டீன் தான் வளையம் வளையமா மடிச்சுக் குடுக்குது. எதுக்கு இவ்வளவு பாடுன்னா, சிக்கு விழுந்த நூல்கண்ட ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா என்ன ஆகும், அறுந்துரும். சுருட்டிட்டா இழுக்கலாம். இதே நேரத்துல நியூக்ளியஸுக்கு வெளிய, விலங்கு செல்லா இருந்தா, சென்ட்ரோசோம்னு சொல்ற, இழை கிளம்புற மையம் ரெண்டும் எதிரெதிர் பக்கம் நகந்து போய் நின்னுக்கும், அந்த ரெண்டு முனையத்தான் துருவம்னு சொல்றோம். வெங்காயத்துக்கு அந்த மையத்துக்குள்ள இருக்கிற சென்ட்ரியோல்ங்கிற குட்டி உருளையே கிடையாது, அது இல்லாமலே ரெண்டு துருவம் அமைச்சுக்குது, ஆனாலும் நிறைய ரெக்கார்டு நோட்டுல வெங்காய செல்லுக்கு சென்ட்ரியோல் வரைஞ்சு டிக் வாங்கியிருக்காங்க, நானும் வாங்கியிருக்கேன்.

இப்போ ஸ்கூல்ல தாண்டிப் போற ஒரு கட்டம், ப்ரோமெட்டாஃபேஸ். நியூக்ளியஸோட சுவர் உடஞ்சு போகும். துருவத்துல இருந்து மைக்ரோட்யூபுல்னு சொல்ற இழைங்க வளருது, டியூபுலின்ங்கிற புரோட்டீன ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன குழாய், 25 நானோமீட்டர் தடிமன். புக்ல பாத்தா இந்த இழை ஏதோ அட்ரஸ் தெரிஞ்ச மாதிரி நேரா குரோமோசோமுக்கு போய் ஒட்டுற மாதிரி படம் இருக்கும். அப்டி இல்ல. அது இருட்டுல கைய நீட்டி துழாவுற மாதிரி ஒரு பக்கம் வளரும், ஒண்ணும் தட்டுப்படலன்னா சடார்னு கரைஞ்சு சுருங்கும், வேற பக்கம் வளரும், திரும்ப கரையும். இப்டி வளர்றதும் கரையுறதுமா இருக்கிற குணத்த 1984ல மிட்சிசன், கிர்ஷ்னர்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சு எழுதுனாங்க. துழாவுறப்போ தற்செயலா குரோமோசோம் இடுப்புல இருக்கிற கைனட்டோகோர்ங்கிற கொக்கியில பட்டுச்சுன்னா புடிச்சுக்கும். மனுஷ செல்லுல ஒரு கொக்கிக்கு இருபது இழை போல மாட்டும்.

தற்செயல்னு சொன்னேன் இல்லையா, தற்செயல்னா தப்பும் நடக்கும். ஜோடியில ரெண்டு பேரையுமே ஒரே துருவம் புடிச்சு இழுக்கலாம். அப்டியே பிரிஞ்சா ஒரு மக செல்லுக்கு ரெண்டு காப்பி, இன்னொண்ணுக்கு பட்டை நாமம். இத செல் எப்டி கண்டுபிடிக்குதுன்னா, கயிறோட விறைப்ப வச்சு. ரெண்டு பேரும் கைவிலங்கோட இருக்காங்க, ஒருத்தர வடக்கயும் ஒருத்தர தெக்கயும் இழுத்தா நடுவுல விலங்கு விறைச்சு நிக்கும். ரெண்டு பேரையும் வடக்க மட்டும் இழுத்தா விறைப்பே இருக்காது, தொளதொளன்னு இருக்கும். தொளதொளன்னு இருக்கிற கட்ட அரோரா பின்னு ஒரு என்சைம் அவுத்து விட்டுரும், திரும்ப மொதல்ல இருந்து துழாவணும். விறைப்பா இருக்கிற கட்டு மட்டும் தங்கும். 1969ல அமெரிக்காவுல புரூஸ் நிக்லஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் வெட்டுக்கிளியோட செல்லுக்குள்ள மெல்லிசான கண்ணாடி ஊசிய விட்டு, தப்பா கட்டுன குரோமோசோம கையாலயே இழுத்து புடிச்சுட்டு உக்காந்தார். பொய்யான அந்த விறைப்ப நிஜம்னு நம்பி அந்த தப்பான கட்டு அவுராம அப்படியே நின்னுச்சு. அது மையோசிஸ், அதாவது விந்து, முட்டை உண்டாக்குற பிரிவு நடக்கிற செல், ஆனா லாஜிக் ஒண்ணு தான்.

இப்போ தெரியுதா மெட்டாஃபேஸ்ல ஏன் நடுவுலன்னு? வடம் இழுக்குற போட்டியில ரெண்டு பக்கமும் சம பலமா இருந்தா கயித்துல கட்டுன கைக்குட்டை நடுக்கோட்டு மேலயே ஆடிட்டு நிக்கும் பாருங்க, அதான். யாரும் வந்து வரிசையில நில்லுன்னு சொல்லல. ரெண்டு பக்கமும் ஒழுங்கா கட்டியாச்சுங்கறதுக்கு அடையாளம் தான் அந்த நடு வரிசை. போட்டோல அமைதியா இருக்கிற மாதிரி தெரியும், வீடியோல பாத்தா ஒவ்வொரு குரோமோசோமும் முன்னும் பின்னும் ஆடிட்டே இருக்கும்.

46ல 45 கட்டியாச்சு, ஒண்ணு மட்டும் இன்னும் ஓரத்துல சுத்திட்டு இருக்குன்னு வைங்க. செல் என்ன பண்ணும்? நிக்கும். டவுன் பஸ்ல படிக்கட்டுல ஒருத்தர் கால் வைக்கிற வரைக்கும் நல்ல கண்டக்டர் விசில் குடுக்க மாட்டார் இல்லையா, அந்த மாதிரி. கட்டப்படாத கொக்கி ஒவ்வொண்ணும் "இரு, இரு, நான் இன்னும் ஏறல"ன்னு ஒரு சிக்னல அனுப்பிட்டே இருக்கு, ஒரே ஒரு கொக்கி கத்துனாலும் மொத்த செல்லும் காத்திருக்கும். இத 1995ல கான்லி ரீடர் குழு ரொம்ப கொடூரமா, ஆனா அழகா நிரூபிச்சாங்க. எலி கங்காருன்னு சொல்ற ஆஸ்திரேலிய விலங்கோட கிட்னி செல்ல எடுத்து, கடைசியா கட்டுப்படாம இருந்த அந்த ஒத்தை கொக்கிய லேசரால சுட்டுட்டாங்க. குரோமோசோம் இன்னும் கட்டல, ஆனா கத்துற வாய் இல்ல. கொஞ்ச நேரத்துல செல் பாட்டுக்கு பிரிய ஆரம்பிச்சிருச்சு. கண்டக்டர் ஆள எண்ணல, குரல் வருதான்னு மட்டும் தான் கேக்குறார்.

இந்த நிறுத்தத்துல தான் நம்ம ஊரு செடி ஒண்ணு வந்து கதைக்குள்ள ஏறுது. செங்காந்தள், தமிழ்நாட்டோட மாநிலப் பூ, யாழ்ப்பாணம் பக்கம் கார்த்திகைப் பூ, சங்கப் பாட்டுல பொண்ணுங்க விரலுக்கு உவமையா வரும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் விவசாயிங்களுக்கு அது கண்வலிக் கிழங்கு. பந்தல்ல ஏத்தி விட்டு, பூவோட சூல்தண்டு தொண்ணூறு டிகிரி ஒடிஞ்சு வெளிய நீட்டிட்டு நிக்கிறதால மகரந்தம் தானா சரியா சேராம, காலையில கையால தொட்டு தொட்டு வச்சு விடுற வேலை அது. விதை மருந்து கம்பெனிக்கு போகும், ஏன்னா அதுல கோல்ச்சிசின் இருக்கு. கோல்ச்சிசின் பண்றது ஒரே வேலை, டியூபுலின புடிச்சுக்கிட்டு இழை வளர விடாம பண்றது. இழை இல்லன்னா கட்டு இல்ல, கட்டு இல்லன்னா எல்லா கொக்கியும் கத்தும், விசில் வரவே வராது. செல் அங்கயே மாட்டிக்கும். கிழங்கு உயிர எடுக்கிற விஷம்னு கிராமத்துல எல்லாருக்கும் தெரியும், அந்த விஷம் குடல் சுவர், எலும்பு மஜ்ஜைன்னு நிறைய செல் பிரியுற இடத்துல தான் பலமா அடிக்கும், அதனால வீட்டு வைத்தியம்னு யார் சொன்னாலும் கிட்ட போயிராதீங்க.

ஆனா லேப்காரங்களுக்கு இந்த விஷம் வரம். மனுஷனுக்கு எத்தனை குரோமோசோம்னு கேட்டா 1923ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல எல்லா புக்கும் 48ன்னு தான் சொல்லுச்சு. காரணம், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும், எண்ணவே முடியாது, முன்னாடி ஒருத்தர் 48ன்னு சொல்லிட்டார்ன்னா பின்னாடி வர்றவங்க கண்ணுக்கும் 48 தான் தெரியும். டெக்ஸாஸ்ல டி.சி. ஷூ லேப்ல உப்பு கம்மியா தப்பா கலந்த தண்ணியில செல்லு உப்பி, குரோமோசோம் பிரிஞ்சு பரவுறது தெரிய வந்தது. ஜாவாவுல பொறந்த ஜோ ஹின் ஜியோ, ஸ்வீடன்ல லுண்ட்ல ஆல்பர்ட் லெவான் லேப்ல இருந்தப்போ அந்த உப்புற டெக்னிக்கோட கோல்ச்சிசினையும் சேத்தார், செல்லு எல்லாம் மெட்டாஃபேஸ்ல மாட்டிக்கிட்டு வரிசையா போஸ் குடுக்குது, 1955 டிசம்பர்ல எண்ணுனார், 46. திரும்ப எண்ணுனார், 46. அடுத்த வருஷம் பேப்பர் வந்தது. நம்ம ஊரு நித்தியகல்யாணியும் இதே கேஸ் தான், சுடுகாட்டு மல்லின்னு ஒதுக்குற பூ. கனடாவுல நோபிள், பியர்னு ரெண்டு பேர் சக்கரை வியாதிக்கு உதவுமான்னு பாக்கப் போய், எலிக்கு வெள்ளை அணு குறையுறத பாத்து, 1958ல வின்பிளாஸ்டின் வந்தது, அப்புறம் வின்கிறிஸ்டின், இன்னைக்கும் குழந்தைங்க ரத்தப் புற்றுநோய்க்கு குடுக்கிறாங்க. அதுவும் டியூபுலினத்தான் புடிக்கும். அந்த மருந்து ஏத்துனவங்களுக்கு விரல் மரத்துப் போற பிரச்சனை வரும், நரம்பு செல் பிரியறதே இல்லையே ஏன்னு எனக்கு முன்னாடி குழப்பமா இருந்தது, நரம்புக்குள்ள சரக்கு போற தண்டவாளமும் அதே மைக்ரோட்யூபுல் தான், அதான் காரணம்.

கதைக்கு திரும்ப வருவோம். கடைசி கொக்கியும் கட்டியாச்சு, கத்துறது நின்னுருச்சு. உடனே ஏபிசின்னு ஒரு பெரிய புரோட்டீன் கூட்டம் ரெண்டு பேர தீத்துக் கட்டுது. ஒண்ணு செக்யூரின். செப்பரேஸ்னு ஒரு கத்தரிக்கோல இத்தனை நேரம் பூட்டி வச்சிருந்தது அது தான், அது போனதும் கத்தரிக்கோல் வெளிய வந்து கொஹீசின் விலங்க வெட்டுது. இன்னொண்ணு சைக்ளின், செல்ல மைட்டாசிஸ் நிலையிலயே புடிச்சு வச்சிருந்த புரோட்டீன். 1982ல டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டையில ஒரு புரோட்டீன் மெல்ல ஏறி ஏறி, ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் டக்குனு காணாம போறத பாத்தார், அதான் இது, 2001ல லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் கூட சேத்து நோபல் குடுத்தாங்க. விலங்கையும் வெட்டியாச்சு, சைக்ளினையும் அழிச்சாச்சு, இனி ரிவர்ஸ் கியர் கிடையாது. அனாஃபேஸ் அவ்ளோதான், சில நிமிஷத்துல முடியுற சமாச்சாரம். குரோமோசோம் நிமிஷத்துக்கு ஒரு மைக்ரான் வேகத்துல துருவத்துக்கு போகுது, இழை முனையில கரைய கரைய அந்த கரையுற முனைய விடாம புடிச்சுட்டே போகுது, அதே நேரத்துல ரெண்டு துருவமும் ஒண்ண விட்டு ஒண்ணு விலகுது.

இவ்வளவு காவல் இருந்தும் ஓட்டை இருக்கு. ஒரே கொக்கிய ரெண்டு துருவமும் சேந்து புடிச்சிருந்தா கண்டக்டருக்கு அந்த தப்பு தெரியாது, ஏன்னா கொக்கி கட்டுப்பட்டிருக்கு, குரல் வரல. விசில் குடுத்தப்புறம் அந்த குரோமோசோம் எந்தப் பக்கமும் போக முடியாம நடுவுல தடுமாறும். இப்டி எண்ணிக்கை கெட்ட செல்லு தான் கேன்சருக்கு வழின்னு தியோடர் போவெரி கடல் முள்ளெலி முட்டைய ரெண்டு விந்து சேர வச்சு பாத்த அனுபவத்துல 1914லயே எழுதுனார். எண்ணிக்கை கெட்டதால கேன்சரா, கேன்சர் ஆனதால எண்ணிக்கை கெடுதாங்கிறது இன்னைக்கும் ஓடுற சண்டை, ரெண்டுமே நடக்குதுன்னு தான் எனக்கு படுது.

டீலோஃபேஸ பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ப்ரோஃபேஸ்ல பண்ணதெல்லாம் திருப்பி பண்றது. சுவர் திரும்ப வரும், சுருட்டுனது பிரியும். அதுக்கப்புறம் செல்லே ரெண்டாகுற சைட்டோகைனசிஸ், இது மைட்டாசிஸ்ல சேராது, தனி வேலை, எக்ஸாம்ல இதுல தான் மார்க் போகும். விலங்கு செல்லுன்னா சுருக்குப் பை வாய இழுத்து கட்டுற மாதிரி நடுவுல ஒரு வளையம் இறுகும். வெங்காயத்துக்கு வெளிய கெட்டி சுவர் இருக்கு, இறுக்க முடியாது, அதனால நடுவுல இருந்து ஓரத்துக்கு புதுச் சுவர் எழுப்பும்.

ரெண்டும் தனித்தனி வேலைங்கறதுக்கு நம்ம ஈரல்லயே சாட்சி இருக்கு, அங்க ரெண்டு நியூக்ளியஸ் உள்ள செல்லு சர்வ சாதாரணம். அத விட நல்ல சாட்சி ரோட்டோரம் கிடைக்கும். இளநீர். தேங்காய் பிஞ்சா இருக்கும்போது உள்ள நியூக்ளியஸ் பாட்டுக்கு மைட்டாசிஸ் பண்ணிட்டே போகுது, நடுவுல சுவர் மட்டும் எழுப்பறதே இல்ல, அதனால தண்ணிக்குள்ள நியூக்ளியஸா மெதக்குது. ஒவ்வொண்ணுலயும் கணக்குப்படி 48 குரோமோசோம், தென்னைக்கு 32, வழக்கமான செல்லுல ரெண்டு பங்குன்னா இது மூணு பங்கு சேந்த திசுங்கறதால ஒண்ணரை மடங்கு, ஆக மனுஷனுக்குன்னு தப்பா எண்ணுன நம்பர் இங்க சரியா வருது. காய் முத்த முத்த நியூக்ளியஸ் எல்லாம் ஓரமா ஒதுங்கி, அப்போ தான் சாவகாசமா சுவர் எழுப்ப ஆரம்பிக்கும். ஓட்ட ஒட்டி மெல்லிசா படியுற அந்த முதல் சுவருங்கள தான் இளநீர்காரர் மட்டைய சீவி ஸ்பூனா குடுத்ததும் நாம சுரண்டி சாப்பிடுறோம், வழுக்கைன்னு.